பேரன் பந்தாடப் போகலாமா?

போன மாதம் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் மருந்துப் பை. அவருடைய வலது கை விரல்களைப் பார்த்தேன். பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். முப்பது வருடமாவது கித்தா மரத்தைச் சுற்றி வந்த கை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுக் கொடுத்தேன். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் நெரை, தோட்டம் எப்போது விற்றார்கள், இப்போது எந்தத் தாமான் என்று பேச்சு ஓடியது. திடீரென்று கேட்டார்:

"நீங்க பத்திரிகையில எழுதுறவருதானே ஐயா? ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமாக் கேளுங்கம்மா."

"எம் பேரனுக்குப் பதினாலு வயசு. பந்துன்னா உசிரு. பள்ளிக்கூட டீம்ல முன்னால நின்னு கோல் அடிக்கிறவன் அவன்தான். ஈப்போவில பயிற்சிக்குக் கூப்பிடுறாங்க, வாரத்துல மூணு நாளு. அவங்கப்பன் வேணாங்கிறான். 'பந்து சோறு போடுமா? டியூசனுக்குப் போகச் சொல்லு'ங்கிறான். பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நான் எம் மவன் பக்கம் பேசுறதா, பேரன் பக்கம் பேசுறதா? நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது. "எழுதிப் பதில் சொல்றேம்மா" என்றேன். "எழுதுங்க, எம் மருமவ படிச்சுக் காட்டுவா" என்றார்.

இது அந்த அம்மாவுக்கான பதில். அவருக்கு மட்டுமல்ல. தோட்டம் போய்த் தாமானுக்கு வந்துவிட்ட நம் குடும்பங்கள் பலவற்றில் இதே வழக்கு நடக்கிறது.

சுவரில் தொங்கிய பூட்ஸ்

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு திடல். காலையில் அதில் மாடு மேயும். மாலையில் நாங்கள் மேய்வோம்! விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடித்து வீடு திரும்பிய பெரிய ஆட்கள், ஒரு வாய் சோறு தின்றுவிட்டு நாலு மணிக்குத் திடலுக்கு வந்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு வெறுங்கால்தான். வெட்டுக்காரர் மகன் ஒரு பக்கம், கிராணி வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம். மற்ற நேரத்தில் கிராணி வீட்டு வாசலை மிதிக்கவே நாங்கள் யோசிப்போம். பந்து உருண்டால் அந்த யோசனையெல்லாம் போய்விடும். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஏறிப் போவோம். ஜெயித்தால் திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டு. தோற்றால் டிரைவர் மட்டும்தான் பேசுவார்.

எங்கள் தோட்டத்துக்கு முன்வரிசையில் ஓர் அண்ணன் ஆடினார். இரண்டு காலாலும் அடிப்பார். அவரிடம் பந்து போனால், கரையில் நிற்கும் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1972 என்று நினைவு. பட்டணத்தில் ஓர் அரசாங்க இலாகாவின் குழுவுக்காக ஆட வரச் சொல்லி அவருக்கு அழைப்பு வந்தது. ஆடினால் வேலையும் உண்டு என்றார்கள். மாதச் சம்பளம், பென்சன், குவார்ட்டர்ஸ்! தோட்டமே கொண்டாடியது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்தது இதே பேராக் மண்ணில்தான். ஆனால் பிறந்ததைப் பதியவில்லை, பிறகு பிரஜா உரிமைக்கு மனுச் செய்யவும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிரஜை அல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை என்றுவிட்டார்கள். 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் மரம் வெட்டவே பெர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள்.

அண்ணன் திரும்பிப் போகவில்லை. மறுநாள் காலைப் பிரட்டில் நின்றார். அந்த பூட்ஸ் அவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. நான் பார்த்தவரையில் அவர் அதை மறுபடி போடவே இல்லை. அவர் காலில் குறை இல்லை. கையில் ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்!

பேரனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்தாட்டக்காரனைக் கால் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாள்தான் அங்கே நிறுத்தி வைக்கும். என்னென்ன தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், கால் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பார்ப்போம்.

கண்ணைப் பறித்த சுந்தரமூர்த்தி

1980களிலும் 90களிலும் மலேசியக் கிண்ண ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வ. சுந்தரமூர்த்தியைத் தெரியாமல் இருக்காது. சிங்கப்பூர்க்காரர், 1965 அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தவர். நம்மைப் போலவே, கடல் கடந்து வந்து வேர் பிடித்த தமிழ்ச் சமூகத்தின் பிள்ளை. இருபது வயதுக்குள்ளேயே சிங்கப்பூரின் தேசிய அணிக்குள் வந்துவிட்டார். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை ஏமாற்றிப் போகும் வித்தை அவருடையது. அதனால் 'டேஸ்லர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கண்ணைப் பறிப்பவர் என்று பொருள்.

சிங்கப்பூர் 1982இல் மலேசியக் கிண்ணத்திலிருந்து விலகி, 1985இல்தான் திரும்பியது. அதற்குப் பிறகு நம் அரங்குகளுக்கு சிங்கப்பூர் அணி வந்தபோதெல்லாம் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு தர்மசங்கடம். நம் மாநிலம் ஜெயிக்க வேண்டும், ஆனால் நம் பையன் ஒரு கோல் அடிக்க வேண்டும்! இப்படி வேண்டிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கால் அவரை ஐரோப்பாவரை கொண்டுபோனது. அவருக்கு முன்பே சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் அணிக்குப் போய், இத்தாலியின் இண்டர் மிலானுக்கு எதிராகவே கோல் அடித்துக் காட்டியிருந்தார். அந்த வழியில் 1980களின் கடைசியில் சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் அணியில் சேர்ந்தார். ஐரோப்பிய அணியொன்று ஒரு தமிழரைக் காசு கொடுத்து ஆடவைப்பது அந்த நாளில் சின்னச் செய்தியா?

ஆனால் அங்கேயே நிலைத்துவிடவில்லை. திரும்பி வந்து நம் நாட்டுக் கெடா அணிக்கு ஆடினார். அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அந்தக் காலத்துக் கெடா என்றால் சாமானியப்பட்ட அணியல்ல. 1987, 1988, 1989 என்று மூன்று வருடமும் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குப் போய், மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றது. மனம் தளராமல் நாலாம் முறையும் போய், 1990இல் சிங்கப்பூரை 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூர்க்காரருக்குக் கெடாவும் அயல்நாடுதான், பாசலும் அயல்நாடுதான். வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரனை, அதுவும் முன்வரிசைக்காரனை, ரசிகர்கள் வேறு தராசில் நிறுப்பார்கள். உள்ளூர்க்காரன் மூன்று ஆட்டத்தில் கோல் அடிக்காவிட்டால் "பாவம், காலில் வலி" என்பார்கள். வந்தவன் அடிக்காவிட்டால் "இவனை எதுக்குக் கூட்டி வந்தாங்க?" என்பார்கள். நம் பாட்டன்மார்கள் கங்காணி கூட்டி வந்து இறக்கிவிட்ட நாளிலிருந்து இதே தராசில்தானே நிறுக்கப்பட்டார்கள்? மற்றவனைவிட ஒரு வாளி கூடப் பால் கொண்டுவந்தால்தான் நல்ல பெயர்!

1993இல் சுந்தரமூர்த்தி சிங்கப்பூர் சட்டையில் ஆடினார். ஃபாண்டி, மாலிக் அவாப், அப்பாஸ் சாட் ஆகியோரும் அந்த அணியில் இருந்தார்கள். அந்த வருட மலேசியக் கிண்ணத்தில், காலாங் தேசிய அரங்கில் புருணைக்கு எதிராக அவர் அடித்த ஒரு கோலை இன்றைக்கும் பேசுகிறார்கள். கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர், பந்து உயரே வந்ததும் உடம்பை அப்படியே காற்றில் மல்லாத்தி, தலைக்கு மேலே காலைச் சுழற்றி அடித்தார். பந்து வலைக்குள்! அரங்கமே எழுந்து நின்றது.

அதே வருட இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? அவருடைய பழைய கெடாவேதான். சிங்கப்பூர் 2-0 என்று தோற்றது. பந்து வட்டமானது என்று சும்மாவா சொன்னார்கள்!

1995இல் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு விலகியது. 1996இல் அங்கே சொந்தமாக எஸ்-லீக் தொடங்கியது. சுந்தரமூர்த்தி அதில் உட்லண்ட்ஸ் வெலிங்டனுக்கு ஆடினார். பிறகு ஜூரோங் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இரண்டு சுமையையும் தூக்கினார். அங்கேதான் அவர் வாழ்க்கையின் இரண்டாம் பாதி ஆரம்பமாகிறது.

கால் ஓய்ந்த பிறகு

முன்வரிசைக்காரனின் ஆயுள் குறைவு. நாற்பது வயதில் பால்வெட்டுக்காரர் தோட்டத்திலேயே நல்ல வெட்டுக்காரர் என்று பெயர் எடுப்பார். நாற்பது வயதில் முன்வரிசையில் ஓடுகிறவன் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவன்தான். முப்பது தாண்டினாலே வேகம் குறைகிறது. கணுக்காலும் முட்டியும் கணக்குத் தீர்க்க ஆரம்பிக்கின்றன. பதினெட்டில் தொடங்கினால் கையில் இருப்பது பதினைந்து வருடம். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது வருடம் வாழ வேண்டுமே, எதை வைத்து?

சுந்தரமூர்த்தி பயிற்றுநர் ஆனார். சிங்கப்பூரின் இளைஞர்களைக் கொண்ட லயன்ஸ் XII அணி 2012இல் மலேசியச் சூப்பர் லீக்கில் ஆட வந்தது. நம் பேராக்கும் அந்த லீக்கில் இருந்தது. அடுத்த வருடமே, 2013இல், அவர் பயிற்சியில் அந்த அணி சூப்பர் லீக் வெற்றியாளர் ஆனது. 2016இல் சிங்கப்பூர் தேசிய அணிக்கே பயிற்றுநர் பொறுப்பு கிடைத்தது. அங்கே எதிர்பார்த்த வெற்றிகள் கிட்டவில்லை, 2018இல் விலகினார். வெற்றியோ தோல்வியோ, பந்து அவருக்கு ஐம்பது வயது தாண்டியும் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. கி. ராஜகோபால் 1970களிலும் 80களிலும் சிலாங்கூருக்குத் தாக்குதல் வரிசையில் ஆடியவர். பயிற்றுநராகி, 2009இல் நம் இளைஞர் அணிக்கு சீ விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2010இல் ஆசியான் கிண்ண இறுதியில் இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று அடித்து, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணத்தைக் கொண்டு வந்தார். நாடே விடுமுறை கொண்டாடியதே, மறந்துபோகுமா?

அந்த அணியில் ஓடிய சு. குணாளன் முன்பு ஓட்டப்பந்தய வீரர். பக்கவாட்டில் பாய்ந்து தாக்குகிறவர். ஜொகூர் அணிக்குப் போன பிறகு அவரைத் தற்காப்பு வரிசையில் நிறுத்தினார்கள். "நான் கோல் அடிக்கிறவன், பின்னால நிக்க மாட்டேன்" என்று முறுக்கிக்கொள்ளாமல் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார், நெடுங்காலம் ஆடினார். பேரனுக்கு இதையும் சொல்லுங்கள் அம்மா. முன்னால் நிற்கும்வரைதான் மரியாதை என்று நினைக்கிற பையன் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அப்பன் சொல்வதிலும் நியாயம் உண்டு

"பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் மகனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த உலகம் அப்படி.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பந்துக்கென்று சம்பளம் கிடையாது. ஆட்டக்காரன் பகலில் பொதுப்பணி இலாகாவிலோ, மின்சார வாரியத்திலோ, போலீஸிலோ, வங்கியிலோ வேலை பார்ப்பான்; மாலையில் ஆடுவான். கால் ஓய்ந்தாலும் வேலை இருக்கும், பென்சன் இருக்கும். 1989இல் பாதித் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறை. சம்பளம் கூடியது. ஆனால் பென்சன் போனது! ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

பணம் வந்த இடத்துக்குப் பேய்களும் வந்தன. அதே 1994, 1995 வாக்கில் ஆட்டத்தை விலைபேசும் ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் ஆடவே முடியாதபடி தடை பெற்றார்கள். சிலர் ஊர்விட்டு ஊர் கட்டுப்படுத்தி வைக்கப்பட்டார்கள். "இன்னிக்கு மட்டும் கோல் அடிக்காம இரு, காசு தர்றேன்" என்று காதில் ஓதுகிறவன் முதலில் தேடி வருவது முன்வரிசைக்காரனையும் கோல் காவலரையும்தான். வாங்கினால் ஆட்டமும் போச்சு, மானமும் போச்சு.

அணிகளும் நிலையாக இல்லை. நம் பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் எஃப்.ஏ. கிண்ணத்தின் முதல் வெற்றியாளர். 1998, 2000 மலேசியக் கிண்ணம். 2002, 2003 லீக். 2018இல் மறுபடியும் மலேசியக் கிண்ணம். ஈப்போ அரங்கத்தில் மஞ்சளும் கருப்புமாய்க் கூட்டம் அலைமோதிய நாட்கள் எத்தனை! அப்பேர்ப்பட்ட பேராக் எஃப்.சி. பண நெருக்கடியால் 2025இல் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது.

இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் முயற்சியில் வளர்ந்த அணி 2017இல் பிரீமியர் லீக்குக்குள் நுழைந்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்குக்கே ஏறியது. நம் பிள்ளைகள் பலர் அதில் ஆடினார்கள். அதுவும் 2022 பருவத்தோடு விலகிவிட்டது. ஆக, அப்பன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பேரன் பக்கமும் நியாயம் உண்டு

ஆனால் பயந்து கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? உலகத்தைக் கொஞ்சம் பாருங்கள். சுவீடனின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் இப்ராஹிமோவிச் யார்? போஸ்னியாவிலிருந்து வந்த தகப்பனுக்கும் குரோஷியத் தாய்க்கும் பிறந்தவர். மால்மோ நகரத்தில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழும் அடுக்குமாடிப் பேட்டையில் வளர்ந்தார். அந்த நாட்டுக்காகவே 62 கோல் அடித்தார். பிரான்சின் எம்பாப்பே? தகப்பன் கேமரூன், தாய் அல்ஜீரிய வழி. பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற புறநகர்ப் பிள்ளை. 2018இல் பத்தொன்பது வயதில் உலகக் கிண்ண இறுதியில் கோல் அடித்தார்.

இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: வீட்டுக்குப் பக்கத்தில் ஆட ஓர் இடம் இருந்தது. இப்ராஹிமோவிச் ஆடிய சின்ன முற்றம் இன்றும் அங்கே அவர் பெயரால் இருக்கிறது. நமக்கு? 1877இல் கோலகங்சாரில் நட்ட கித்தா மரத்திலிருந்து தொடங்கி, காட்டை வெட்டித் தோட்டமாக்கி, தோட்டத்து நடுவில் திடலும் உண்டாக்கிய மக்கள் நாம். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டோம். கோயிலுக்கு இடம் கேட்டோம். பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டோம். திடலுக்கு யார் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் பிள்ளைகள் பந்தாட்டத்தில் குறைந்துபோனதற்கு நூறு காரணம் சொல்கிறார்கள். நான் முதலில் எழுதிவைப்பது திடல் போனதைத்தான். ஐந்தடிச் சந்தில் கார்களுக்கு நடுவே ஆடுகிற பிள்ளைக்கு எவ்வளவுதான் கால் ஓடும்? அப்படியிருந்தும் ஒரு பையன் முன்னுக்கு வந்து, ஈப்போவில் கூப்பிடுகிறார்கள் என்றால், அந்தக் காலில் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

மூன்று தாள்கள்

ஆகவே அம்மா, என் பதில் இது. பேரனை அனுப்புங்கள். ஆனால் மூன்று தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள்.

முதல் தாள், அடையாளம். பிறப்புப் பத்திரத்திலும் மைகாட்டிலும் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வயதுவாரியான போட்டிகளுக்கும், பகாங் காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்களுக்கும் பிள்ளைகளை எடுக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். நம் மக்களில் இன்னும் பத்திரமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பிழை இருந்தால் இன்றே பதிவு இலாகாவுக்குப் போங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எங்கள் தோட்டத்து அண்ணன் வீட்டில் இருந்தார்கள். சுவரில் பூட்ஸ் தொங்கியதுதான் மிச்சம்.

இரண்டாம் தாள், ஒப்பந்தம். இப்போது தேவைப்படாது, நாலு வருடத்தில் தேவைப்படலாம். தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடவே கூடாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை மூன்று வருடத்துக்கு மேல் கட்டிப்போட அனைத்துலகக் காற்பந்துச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்துமூலம் பதினைந்து நாள் தவணை கொடுத்துவிட்டு, அப்படியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரனுக்கு உரிமை உண்டு. சேமநிதி, சொக்சோ உண்டா, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். மலேசியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. சங்கத்தின் அருமை தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

மூன்றாம் தாள், சான்றிதழ். இதில்தான் அப்பனும் மகனும் ஒரு பாயில் உட்கார்ந்து பேச வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பந்து, மற்ற நாட்களில் டியூசன். எஸ்.பி.எம். எழுதியே தீர வேண்டும். சுந்தரமூர்த்தியும் ராஜகோபாலும் கால் ஓய்ந்த பிறகும் திடலில் நின்றார்கள் என்றால், பயிற்றுநர் வேலையைப் படித்துத் தேர்ந்ததால்தான். இன்றைக்கு உரிமம் இல்லாமல் பெரிய அணி எதையும் பயிற்றுவிக்க முடியாது. அந்தப் படிப்புக்கு எழுதப் படிக்க, நாலு பேர் முன்னால் பேச, கணக்குப் போட வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர், விளையாட்டு மருத்துவத் துணைவர், நடுவர் என்று பந்தைச் சுற்றி எத்தனையோ பிழைப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தாள் கேட்பார்கள்.

உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பையன் பெரிய ஆட்டக்காரன் ஆகாமலும் போகலாம். கூப்பிட்ட நூறு பேரில் ஒருவன்தான் மேலே போவான். அதற்காக அவன் கெட்டுப்போய்விட மாட்டான். வாரத்தில் மூன்று மாலை திடலில் இருக்கும் பையன், அந்த மூன்று மாலையும் வேறு எங்கேயும் இருக்கப் போவதில்லை. தாமான் மூலையில் பையன்களுக்காக யார் யார் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது, வாசகர்களே! உங்கள் தாமான் வரைபடத்தில் திடல் என்று பச்சையாகக் காட்டிய இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். புல் முளைத்துக் கிடந்தால் பத்துப் பேர் சேர்ந்து வெட்டுங்கள். யாராவது வேலி போட்டிருந்தால் நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதுங்கள். மனு எழுதத் தெரியாததால் ஒரு தலைமுறை பட்டது போதும்.

அம்மா, அந்த அண்ணன் காலமாகிப் பல வருடமாகிவிட்டது. அவருடைய பூட்ஸ் என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. தோட்டத்தை விற்றபோது லயத்தோடு போயிருக்கும். உங்கள் பேரனுக்குப் பயிற்சி எந்த நாட்களில் என்று எழுதிப் போடுங்கள். ஒரு சாயங்காலம் ஈப்போவுக்கு வந்து, கரையில் நின்று பார்க்க எனக்கும் ஆசை.